அரசுப் பள்ளியில் 40 நிமிடம் கிடைத்திருக்கிறது. கண்ணைக் கட்டும் விளையாட்டு வேண்டுமா, வேண்டாமா?

புள்ளி_எழுத்து | நவம்பர் 16, இரவு 9.40

வணக்கம். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. கல்லூரியில் நாங்கள் 5 பேர் சேர்ந்து, சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்குப் போய் மாற்றுத்திறனாளிகள் பற்றிப் பிள்ளைகளிடம் பேசி வருகிறோம். இரண்டு வருடமாகிறது. எங்களில் ஒருவனுக்குக் காது கேட்காது. ஒருத்தி காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடப்பவள். மற்ற இருவருக்கும் எந்தக் குறைபாடும் இல்லை, பழகிய நட்பினால் வருகிறார்கள். எங்களுக்குப் பெயரும் இல்லை, பேனரும் இல்லை.

போன டிசம்பரில் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு. எல்லோரும் வழக்கமாகச் செய்வதையே நாங்களும் செய்தோம். கைக்குட்டையால் கண்ணைக் கட்டி, கதவிலிருந்து கரும்பலகை வரை நடக்கச் சொன்னோம். பெஞ்சில் இடித்துக்கொண்டும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டும் சிரிப்பும் கூச்சலுமாகப் போனார்கள். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். குரலில் கிண்டல் துளியும் இல்லை, உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தாள்.

"பயமா இருந்துச்சுக்கா. இப்படி இருக்கறதுக்குச் செத்தே போயிடலாம்."

அவளுக்கு ஐந்தடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று காலை தனியாக இரண்டு பஸ் மாறித்தான் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வாயில் அந்த வார்த்தையை வைத்தது நாங்கள்தான் என்று தோன்றியது. அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த வருடமும் அதே பள்ளி கூப்பிட்டிருக்கிறது. அதே பிள்ளைகள், இப்போது எட்டாம் வகுப்பு. 38 பேர், ஒரே ஒரு பாடவேளை. என்ன செய்யலாம்?

---

வகுப்பாசிரியர் | நவம்பர் 16, இரவு 10.25

அன்புத் தங்கைக்கு, நான் 19 வருடமாக அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். முதலில் நடைமுறை விஷயம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்றே போகாதீர்கள். அன்று பேரணி, ஓவியப் போட்டி, விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது இருக்கும். உங்களை மேடையில் உட்கார வைத்து, சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். சாதாரண நாளில், சாதாரணப் பாடவேளையில் போங்கள். ஹெச்.எம்.மிடம் கடிதம் கொடுங்கள். அப்புறம் வட்டார வள மையத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் யாரென்று கேட்டு, அவர் வருகிற நாளைப் பார்த்துப் போங்கள். நீங்கள் போன பிறகும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போவது அவர்தான்.

இன்னொன்று. உங்களைப் போன்றவர்கள் வருவதை உபசாரத்துக்கு நடக்கிற நிகழ்ச்சியாகச் சில பள்ளிகள் நினைக்கின்றன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 39-ம் பிரிவிலேயே பள்ளி, கல்லூரி மட்டத்தில் இந்த விழிப்புணர்வைத் தர வேண்டும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தைரியத்தோடு போங்கள். தயவுக்காக நீங்கள் போகவில்லை.

2024 ஆகஸ்டில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். ஊக்கப் பேச்சு என்று வந்த ஒருவர், பிறவிக் குறைபாட்டுக்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்ற பொருளில் பிள்ளைகளிடம் பேசினார். அங்கேயே பணியாற்றும் பார்வையற்ற ஆசிரியர் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துக் கேட்டார். பேசியவர் அப்புறம் கைதானார். நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, அந்த ஆசிரியர் எழுந்து நின்றதைவிடப் பெரிய விழிப்புணர்வு வகுப்பை யார் எடுத்துவிட முடியும்?

---

மணல்மேடு_குமரன் | நவம்பர் 17, காலை 7.10

நான் மாறுபடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். 2009-ல் என்.எஸ்.எஸ். முகாமில் எனக்குக் கண்ணைக் கட்டினார்கள். பத்து நிமிடம்தான். அதுவரை பார்வையற்றவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் பரீட்சைக்கு ஸ்கிரைப் ஆக, அதாவது அவர்கள் சொல்வதைக் கேட்டு விடை எழுதித் தருபவனாகப் போக ஆரம்பித்தேன். இதுவரை 30 பேருக்கு மேல் எழுதிக்கொடுத்திருப்பேன். அந்தப் பயம் எனக்குத் தேவைப்பட்டது. அதை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம் என்பது என் எண்ணம்.

---

புள்ளி_எழுத்து | நவம்பர் 17, காலை 8.30

குமரன் அண்ணா, முதலில் நன்றி. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எனக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுகிற ஆள் கிடைப்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். என் வேதியியல் சமன்பாட்டைத் "திருத்தி" எழுதிய ஸ்கிரைபையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களை மாற்றியது அந்தப் பத்து நிமிடமா, அதற்கு அப்புறம் 30 பேர் பக்கத்தில் மூன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்ததா? கண்ணைக் கட்டினால் தெரிவது, பார்வை திடீரென்று போனவரின் முதல் பத்து நிமிடம். எனக்கு 22 வருடப் பழக்கம் இருக்கிறது. எந்தத் திருப்பத்தில் டீக்கடை வாசம் வரும், சுவருக்கும் திறந்த வெளிக்கும் எதிரொலி எப்படி மாறும் என்பதெல்லாம் என் காலுக்கும் காதுக்கும் தெரியும். கைக்குட்டை அதைக் காட்டாதே அண்ணா.

---

தம்பாவாசி | நவம்பர் 17, காலை 10.05

புள்ளி சொல்வதற்கு ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மன் என்ற உளவியல் ஆய்வாளர், அவரும் பார்வையற்றவர்தான், 2014-ல் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். கண்ணைக் கட்டி விளையாடியவர்கள், விளையாடாதவர்களைவிட, பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடிவது கடினம் என்றே மதிப்பிட்டார்கள். இரக்கம் கூடலாம். நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

நான் இருப்பது ஃபுளோரிடா. இங்கே 2008-ல் வந்த சட்டப்படி அக்டோபர் முதல் இரண்டு வாரம் மாற்றுத்திறனாளிகளின் வரலாறும் விழிப்புணர்வும். அதற்கு முன்பே, 2006-ல், மேற்கு வர்ஜீனியாவில் அரசுப் பள்ளிகளுக்கு அக்டோபரில் ஒரு வாரம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அதைக் கேட்டு வாங்கியதில் முன்னால் நின்றவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள், அவர்களும் மாற்றுத்திறனாளிகள். "வரலாறு" என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இங்கே என் மகள் பள்ளியில் ஜூடி ஹியூமன் கதையைச் சொன்னார்கள். போலியோ வந்த குழந்தை. ஐந்து வயதில் பள்ளிக்குக் கூட்டிப்போனால், சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். வளர்ந்து ஆசிரியர் பயிற்சி முடித்ததும் அதே சாக்கு. 1970-ல் நியூயார்க் கல்வி வாரியத்தின்மேல் வழக்குப் போட்டு வகுப்பறைக்குள் போனார். 1977-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடியவர்களில் அவரும் ஒருவர். என் மகள் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்த ஹெட்மாஸ்டர் மேல யாரும் கேஸ் போடலையா?" அவளுக்குப் பரிதாபம் வரவில்லை, நியாயம் கேட்கத் தோன்றியது.

---

கவின்_அம்மா | நவம்பர் 17, பிற்பகல் 2.20

என் மகன் ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி. மூளை முடக்குவாதம். எல்லாம் புரியும், நன்றாகப் படிப்பான். பேச்சு வர நேரமாகும். ஒரு சொல் வெளியே வர சில சமயம் அரை நிமிடம்கூட ஆகும்.

பள்ளிக்கு யார் வந்து பேசினாலும் மாரியப்பன் தங்கவேலு படத்தைக் காட்டுகிறார்கள். அவர் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியது எனக்கும் பெருமைதான், அன்று நானும் அழுதேன். ஆனால் என் மகன் வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் எதுல ஜெயிக்கணும்?" என்று கேட்டான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிலும் ஜெயிக்காவிட்டாலும் அவன் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை வேண்டும். நீங்கள் போகிற இடத்தில் இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: பேசத் தாமதமாகிறவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள், நடுவில் நீங்களாகச் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆசிரியர்களே அவன் சொல்லை முடித்துவைத்து "இதானேடா?" என்கிறார்கள். பாதி நேரம் அது இல்லை.

---

கைமொழி | நவம்பர் 17, மாலை 6.45

எனக்குக் காது கேட்காது. ஐடிஐ முடித்து வேலை பார்க்கிறேன். நானும் பள்ளிகளுக்குப் போகிறேன். என் அனுபவம்.

பிள்ளைகளுக்குச் சைகை மொழி மிகவும் பிடிக்கும். பத்து நிமிடத்தில் வணக்கம், சாப்பாடு, பெயர், தண்ணீர் கற்றுக்கொள்வார்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் அது வித்தை காட்டுகிற மாதிரி ஆகிவிடும். இது ஒரு மொழி, இதற்கு இலக்கணம் இருக்கிறது, அகராதி இருக்கிறது என்று சொல்லுங்கள். 2021-ல் வந்த இந்திய சைகை மொழி அகராதியில் 10,000 சொற்கள். நான் இதைச் சொன்னதும் ஒரு பையன் வாயைப் பிளந்தான்.

சைகைப் பெயர் பற்றியும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டுவதில்லை. ஆளுக்கு ஓர் அடையாளம் வைப்போம். எனக்குப் புருவத்தில் தழும்பு, அதுதான் என் பெயர். காது கேட்காதவர்கள்தான் வைக்க வேண்டும், நீங்களே வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னால் வகுப்பே வரிசையில் நிற்கும்.

கடைசியாக, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம். முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசவும் வேண்டாம். அந்த வகுப்பில் காது கேட்கும் கருவி போட்ட பிள்ளை இருந்தால் இந்த இரண்டும் அவனுக்குப் பெரிய உதவி.

---

நாலுசக்கரம் | நவம்பர் 17, இரவு 9.15

எல்லோரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் சிமென்ட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முதல் நான் சக்கர நாற்காலி. நான்கு வருடமும் காலை 7 மணிக்கு மேல் தண்ணீர் குடித்ததில்லை. பள்ளியில் நான் போகக்கூடிய கழிப்பறை இல்லை. மே மாத வெயிலில் ஸ்பெஷல் கிளாஸ் என்றாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்கு எத்தனை முறை ஆஸ்பத்திரி போனேன் என்று அம்மாதான் கணக்கு வைத்திருக்கிறார். என் வகுப்பில் 45 பேர், எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். நான் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை, வெட்கம்.

அதனால் புள்ளி, பிள்ளைகள் கையில் ஒரு டேப்பைக் கொடுங்கள். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரத்துக்கு ஏற 12 அடி நீளம் வேண்டும். எட்டாம் வகுப்புக்கு விகிதம் தெரியும். அளக்கட்டும். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளக்கட்டும். 90 சென்டிமீட்டர் இருந்தால் நாற்காலி தாராளமாக நுழையும். பல பள்ளிகளில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், அது முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அது கண்ணில் படாது, அளந்து பார்க்கிற பிள்ளைக்குப் படும்.

---

வகுப்பாசிரியர் | நவம்பர் 17, இரவு 10.00

நாலுசக்கரம், உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் வகுப்பில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

தங்கைக்கு என் பாடத்திலிருந்து ஒரு யோசனை. நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம், செவிடன் காதில் ஊதிய சங்கு. நாமே வகுப்பில் சாதாரணமாகச் சொல்கிறோம். இவற்றைப் பலகையில் எழுதி, ஊனத்தை இழுக்காமல் அதே கருத்தை எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "சப்பைக் காரணம்", "எதிர்பாராத அதிர்ஷ்டம்" என்று பட்டென்று சொன்னார்கள். சங்குக்குப் பதிலாக ஒரு பையன் "ஏரோபிளேன் மோடுல இருக்கற போனுக்குக் கால் பண்ண மாதிரி" என்றான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

---

மணல்மேடு_குமரன் | நவம்பர் 18, காலை 6.50

புள்ளி, இரவு முழுக்க யோசித்தேன். நீ கேட்டது சரிதான். முகாமில் என்னோடு கண்ணைக் கட்டியவர்கள் 60 பேர். அப்புறம் ஸ்கிரைப் வேலைக்கு வந்தவர்கள் நானும் இன்னொருவனும்தான். நாங்கள் இருவருமே அதே வாரம் விடுதியில் ஒரு பார்வையற்ற மாணவரோடு அறையைப் பகிர்ந்தவர்கள். அவரோடு இருந்ததுதான் என்னை மாற்றியிருக்கிறது. கைக்குட்டையை விட்டுவிடு.

---

புள்ளி_எழுத்து | டிசம்பர் 9, இரவு 8.30

போய்விட்டு வந்தோம். தாமதத்துக்கு மன்னிக்கவும், செமஸ்டர் நேரம்.

கைக்குட்டை எடுத்துப் போகவில்லை. பிரெய்ல் புள்ளி எழுத்தைக் குத்தும் ஸ்லேட், குத்தூசியான ஸ்டைலஸ், சார்ட் பேப்பர் துண்டுகள், போன், இரண்டு டேப். அவ்வளவுதான்.

முதலில் போனை எடுத்தேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை நான் எப்போதும் வைக்கிற வேகத்திலேயே பேசவிட்டேன். "அக்கா, இது என்ன பாஷை?" என்றார்கள். தமிழ்தான் என்றதும் நம்பவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன், நான்காவது தடவையில் "ஐயோ, தமிழ்!" என்று கத்தினார்கள். அந்த வேகத்தில் எனக்குப் புரிகிறது, அவர்களுக்குப் புரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் ஸ்லேட். ஆறு புள்ளிகள்தான், லூயி பிரெய்ல் இதை உருவாக்கியபோது அவருக்கு வயது 15, உங்களைவிட இரண்டு வயதுதான் அதிகம் என்றேன். "அ"வுக்கு ஒரே ஒரு புள்ளி, ஆங்கில "ஏ"வுக்கும் அதே புள்ளிதான் என்றதும் ஒரு சலசலப்பு. குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் புள்ளி மேலே வரும், அப்போது இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். 38 பேரில் முதல் தடவையே தன் பெயரைச் சரியாக எழுதியவன் ஒருவன்தான். கணக்கில் எப்போதும் பின்தங்கியிருப்பவன் என்று சிறப்புப் பயிற்றுநர் அப்புறம் சொன்னார். என் விரலை அவன் தாளில் வைத்து அவன் பெயரைச் சத்தமாகப் படித்தேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் என் கையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்து, "இன்னொரு தடவை படிங்கக்கா" என்றான்.

ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சில் காது கேட்கும் கருவி போடுகிற பையன் இருந்தான். எங்கள் குழுவில் காது கேட்காத நண்பன் பேச வந்தபோது ஓர் ஆசிரியர் நல்ல எண்ணத்தில், "எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான், எழுந்திரு" என்றார். பையன் எழுந்தான். கருவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான் என்று தோழி சொன்னாள். முன்கூட்டியே ஆசிரியர்களிடம் பேசியிருக்க வேண்டும். வகுப்பாசிரியர் அக்கா சொன்னபடி பயிற்றுநரைப் பிடித்தோம், வகுப்பு ஆசிரியரை விட்டுவிட்டோம். மணி அடித்த பிறகு நண்பன் அவனோடு தனியாக உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது பையனுக்கு ஒரு சைகைப் பெயர் இருந்தது. கருவியை மறுபடி போட்டானா என்று தெரியவில்லை.

கடைசி பதினைந்து நிமிடம் டேப். முன்வாசல் உயரம் 45 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 210. "எவ்வளவு இருக்கணும்?" என்றேன். பலகையில் போட்டார்கள், 540. கழிப்பறைக் கதவு 62. முன்னால் இரண்டு படி. "அப்ப இங்க யாருமே வர முடியாதாக்கா?" என்று ஒருவன் கேட்டான். "வந்தாங்க, நம்ம ஸ்கூல்லயே ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அண்ணன் வந்தாங்க, அப்புறம் நின்னுட்டாங்க" என்று இன்னொருத்தி சொன்னாள். ஏன் நின்றான் என்று அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண்ணும் இருந்தாள், போன வருடம் முதல் பெஞ்சில் இருந்தவள். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். வாசல்வரை கூடவே வந்தாள். "ரெண்டு பஸ்ஸுன்னு சொன்னீங்கள்ல, எந்த பஸ்ஸுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றாள். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன், கண்டக்டர் ஊர் பெயரைக் கத்துவதைக் கேட்பேன், சில நாள் தப்பு பஸ்ஸில் ஏறி இறங்கியும் இருக்கிறேன் என்றேன். "நான்கூடப் போன வாரம் தப்பு பஸ்ல ஏறிட்டேன்க்கா" என்றாள்.

அளந்ததையெல்லாம் பிள்ளைகளே மனுவாக எழுதியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். இரண்டு பேரைப் பேச அனுமதிப்பதாக ஹெச்.எம். சொல்லியிருக்கிறார். நாலுசக்கரம் அண்ணா, அவர்கள் என்ன பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

---

கவின்_அம்மா | டிசம்பர் 9, இரவு 9.05

"இன்னொரு தடவை படிங்கக்கா." இதைக் கவினுக்குப் படித்துக் காட்டினேன். அவனும் ஸ்லேட் வேண்டும் என்கிறான். எங்கே கிடைக்கும்?

---

நாலுசக்கரம் | டிசம்பர் 9, இரவு 9.50

என்ன பேச வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன், அவர்கள் அளந்ததையே சொல்லட்டும். நானே வருகிறேன். ஊர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பு. அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது, 60 கிலோமீட்டர் வரை போய் வந்திருக்கிறேன். ஹெச்.எம்.மிடம் ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடு. கூட்டத்தை வழக்கம்போல் அலுவலக அறையில் வைக்க வேண்டாம். 210 சென்டிமீட்டர் சாய்தளத்தில் என்னால் ஏற முடியாது. மரத்தடியில் வைக்கச் சொல்.